கடைசிப் பக்கம் பிறகு வரும்

வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த நாளிலிருந்து மேலதிகாரி அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. இன்று போட்டார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

மேசையில் இருந்தது மீன்பிடி ஒப்பந்தம். அயல்நாட்டு இழுவைக் கப்பல்களை விரிகுடாவுக்குள் விடப்போகிறார்கள். அதே விரிகுடாவில்தான் அவள் தம்பி சின்னப் படகில் வலை போட்டுப் பிழைக்கிறான். ஒருவர் ஒரு மொழியில் உரக்க வாசிக்க, மற்றவர் இன்னொரு மொழியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். அங்கே சரிபார்ப்பது அப்படித்தான். எல்லாம் முடிந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் காணோம்.

"அது நாளைக்கு வரும்மா. வழக்கமா இருக்கறதுதானே," என்றார் மேலதிகாரி, பல்லெல்லாம் தெரிய. அந்த மனிதருக்கு இத்தனை பல் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அவள் மொழிபெயர்த்த ஒப்பந்தங்கள் எல்லாமே நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட பிறகே நடைமுறைக்கு வரும் என்றுதான் முடியும். அந்த வரியை வாசிப்பதையே விட்டுவிட்டாள். பழையதிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் போன வாரம் தம்பியிடம் வாயை விட்டிருந்தாள்.

"துறைமுகத்த மறிக்கப் போறீங்களாமே? வீணா அடி வாங்காதீங்கடா. கையெழுத்துப் போட்டா ஆச்சா? நாடாளுமன்றத்துக்கு வரணும். அப்ப மறிச்சுக்கலாம்."

அக்கா சொல்லுக்கு அவனிடம் மறுபேச்சு கிடையாது.

இப்போது மனசு கேட்காமல், அன்று மாலையே நாடாளுமன்ற அலுவலகத்தில் வேலை பார்க்கும் தோழிக்குப் போன் போட்டாள். "மீன்பிடியா? அப்படி ஒண்ணும் எங்க பக்கம் வரலையே," என்றாள் தோழி. தம்பியிடம் சொல்லிவிடலாமா? வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மண்டபத்தில் அமைச்சர்கள் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் கைக்கு வந்தது. 'கையெழுத்தான கணத்திலிருந்து நடைமுறைக்கு வரும்.'

"சார், நாடாளுமன்றம்?"

"இது ஒப்பந்தம் இல்லம்மா, நிர்வாக ஏற்பாடு. தலைப்ப மாத்தியாச்சு. அமைச்சர் கையெழுத்தே போதும், சட்டத்துல இடமிருக்கு. ரெண்டு மொழியும் ஒண்ணா இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. பாழாய்ப்போன பக்கத்தில் சாக்குச் சொல்ல ஒரு பிழைகூட இல்லை. "ஒண்ணாதான் சார் இருக்கு," என்றாள். பேனாக்கள் ஓடின, கைதட்டினார்கள்.

அவமானம் பிடுங்கித் தின்ன, வராந்தாவுக்கு வந்து தம்பியை அழைத்தாள்.

"டிவில பார்த்தேன்க்கா," என்றான் அவன், நிதானமாக. "மறிக்க வந்தவங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன். சில பேர் முறைச்சாங்க. எங்கக்கா அங்கயே வேல பாக்குறா, அவளுக்குத் தெரியாததான்னு கேட்டேன், அடங்கிட்டாங்க. நாடாளுமன்றத்துக்கு எப்ப வருது?"

"வராதுடா."

"இந்த மாசம் வராதா? சரி, பரவாயில்லக்கா. காத்திருக்கோம்."