மைதெரின் அலை

ஹோட்டல்காரர்கள் கடற்கரைப் பாதைக்கு இரும்புக் கதவு போட்ட அன்று, எழுந்து வந்த அலை ஒன்று உடையாமல் அப்படியே நின்றுவிட்டது. அது மைதெரின் அலை. பிரான்சின் பாஸ்க் கரையில் அலைச்சறுக்குக்காரர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அலை சுருளும் இடத்துக்கு அருகில் இருப்பவருக்கே அலை, மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். மைதெர் ஏறப்போன நேரத்தில்தான் காவலாளிகள் விசில் ஊதி அவளைக் கரையேற்றினார்கள். பள்ளிக்கூடச் சமையற்காரியான அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முழங்கால் வேறு மக்கர் செய்தது. இனி எத்தனை அலை மிச்சமோ என்று அழுதுகொண்டேதான் வீட்டுக்குப் போனாள்.

முதல் கோடையில் ஹோட்டலுக்கு நல்ல வியாபாரம். பச்சையாக நின்ற அலைக்குள் மீன்கள் போய்வருவதைப் பணக்காரர்கள் மாடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால் பின்னால் வந்த அலைகளும் முறை தவறாமல் காத்து நின்றதால் விரிகுடா குளமாகிவிட்டது. சறுக்க வந்த விருந்தினர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். பாரிஸிலிருந்து வரவழைத்த வீரன் ஒருவன் அதன்மேல் ஏறிப் பார்த்தான். அலை அசையவில்லை, அவனை இறக்க ஏணி தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு அலையில் சிப்பிகள் ஒட்டத் தொடங்கின.

அதற்கடுத்த வசந்தத்தில், சந்தையில் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்த மைதெரைத் தேடி ஹோட்டல் மேலாளர் டெல்மாஸ் கதவுச் சாவியோடு அங்கேயே வந்தார்.

"மேடம், இது உங்களுக்கு மட்டும். காதும் காதும் வச்ச மாதிரி வந்து அந்த அலையைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

அவள் கை சாவிப் பக்கம் போனது உண்மை. அந்த அலைமேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. பிறகு கையை மிளகாய்க் கூடைக்குள் விட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பின்னாடி ஊரே முறைக்கு நிக்குதுங்க. கதவைக் கழட்டுங்க, வர்றேன்."

"முதலாளி என் தோலை உரிச்சிடுவாரு!"

"அப்ப குளத்தையே பாத்துக்கிட்டு இருங்க."

"இன்னும் ரெண்டு வருஷம் போனா உங்களால பலகையில எந்திரிக்கவே முடியாதே, மேடம்?"

"படுத்துக்கிட்டே போறேன்."

ஜூனில் ஹோட்டல்காரர்களே கதவைக் கழற்றினார்கள். ஊரே பலகையும் கையுமாக இறங்கியது, யாரும் முந்தவில்லை. மைதெர் கைகளால் துழாவிக்கொண்டு போய் அலைக்கு முன்னால் திரும்பினாள், வலியைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். விட்ட இடத்திலிருந்தே அலை சுருண்டு அவளைக் கரைவரை கொண்டுவந்து விட்டது. அவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை சந்தோஷத்தில். பின்னாலேயே அடுத்த அலை எழுந்தது.

பலகையில் கொத்தாக ஒட்டி வந்த சிப்பிகளைப் பூண்டு போட்டுக் கரையிலேயே வேகவைத்தார்கள். ஒரு கிண்ணம் வாங்கித் தின்ற டெல்மாஸ், தனக்கும் ஒரு அலை கிடைக்குமா என்று கேட்டார். "வரிசையில நில்லுங்க," என்றாள் மைதெர். அவர் காலணியைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார்.