துண்டுக்கு அந்தப் பக்கம்

"சித்தி, இந்தத் துண்டை எடுத்துக்கிடுதேன். சித்தப்பாவுக்கு நாடி கட்டணும், வாய் தொறந்து கெடக்கு" என்று செல்வதுரை கயிற்றில் தொங்கிய துண்டை உருவியபோது கிருபை வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்துப்போன புருஷன் முகத்தைப் பார்க்க மனம் தாங்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் திரும்பியது சதுரங்கப் பலகையைப் பார்த்துவிடக் கூடாதென்று.

அவள் புருஷன் எஸ்றா ரங்கூன் மரக்கிட்டங்கியில் வேலை பார்த்தபோது பழகிவந்த ஆட்டம் அது. சிப்பாய்களுக்கு மட்டும்தான் குறித்த இடம். ராஜா, மந்திரி, யானை, குதிரையெல்லாம் அவரவர் பக்கத்தில் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளலாம். வைக்கும்வரை நடுவில் துண்டு தொங்கும். முடித்தவர் "ஆச்சு" என்பார். இருவரும் சொன்ன பிறகே துண்டு விலகும். அவர் சட்டைப்பையைக்கூட விட்டுவைக்காத கிருபை, இதில் மட்டும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இன்று காலையில் அவள் "ஆச்சு" சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் பதிலில்லை. மனிதர் யோசிக்க உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். அவள் வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். கீரையை அடுப்படியில் வைத்துவிட்டு வரும்போதுதான் அவர் தலை தொங்கிக் கிடந்ததைப் பார்த்தாள். பலகை கண்ணில் படவேயில்லை.

"உசுரு எப்ப போச்சு சித்தி?"

"தெரியலைய்யா. எதுத்தாப்புலதான் இருந்தேன்."

"ஏளா, அழுதுரு. நெஞ்சுல வச்சுக்கிடாத" என்றாள் அக்கா ஜெபகனி.

"வரலைக்கா."

உண்மையிலேயே வரவில்லை. துண்டைத் துவைத்துப் போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது. அவளுக்கு இடதுகாது கேட்காது. கீரை உருவும்போது அந்தக் காதுதான் அவர் பக்கம் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் சங்கு வேறு ஊதியது. அவர் சொல்லி, அவள் காதில் விழாமல் போயிருந்தால்? காய்கள் பாதியில் நின்றால் அவர் சொல்லியிருக்க மாட்டார். முழுக்க வைத்திருந்தால்? சவப்பெட்டி எடுக்கும்வரை அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் செல்வதுரை பலகையருகே போனான்.

"காயையெல்லாம் எடுத்து வச்சிரட்டுமா சித்தி?"

"இருய்யா. நான் இன்னும் பாக்கலை."

கிட்டே போய்ப் பார்த்தாள். அவர் பக்கத்தில், மூலையில் ராஜா. பக்கத்தில் மந்திரி. முன்னால் இரண்டு யானையும் காவல். குதிரைகளும் நின்றன. காய் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"காப்பி போடச் சொல்லட்டுமா?" என்றான் செல்வதுரை.

அவள் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, வலதுகாது அவர் நாற்காலிப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தாள்.