அப்பாவின் குரலுக்கு ஓர் அனுமதி

மகள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா சொன்னாள்.

"உங்கப்பா நேத்துலேருந்து பேசல. கம்ப்யூட்டர் அப்படியே நின்னுபோச்சு."

தொண்டை அறுவை சிகிச்சையில் குரல் போய்விடும் என்று தெரிந்ததும், அப்பா அதற்கு முன்பே தன் குரலில் தினசரிப் பேச்சையெல்லாம் பதிவு செய்து வைத்தார். பழைய மென்பொருள் ஒன்றில் பொத்தானைத் தட்டினால் அவரே பேசுவார். நேற்று தம்பி வந்து, நல்லது செய்வதாக நினைத்துக் கம்ப்யூட்டரைப் புதுப்பித்துவிட்டுப் போனான். அதிலிருந்து மென்பொருள் திறக்கும், வெள்ளைத் திரையோடு நிற்கும், அவ்வளவுதான். எழுதிக் காட்டச் சொன்னாலும் அப்பா பேனாவைத் தொடவில்லை.

மகள் அழைத்த மென்பொருள் உதவி எண்ணில் பேசியவர், "ரொம்பப் பழசு மேடம். புதுசுல நல்ல நல்ல குரல் இருக்கு" என்றார்.

"இருக்கும். அதெல்லாம் எங்கப்பா குரல் இல்லையே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கண் எரிந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பயனில்லை. பதிவுகளே அழிந்திருக்குமோ என்று தேடினாள்; கோப்புகள் இருந்தன. ஒன்றை எடுத்துப் பாட்டுக் கேட்கும் மென்பொருளில் போட்டாள். "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறை" என்றார் அப்பா. நாற்காலியில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

குரல் பத்திரம். மென்பொருளும் திறக்கிறது. அப்படியானால் இடையில்தான் ஏதோ மறிக்கிறது. அமைப்புகளுக்குள் போய்த் துழாவினாள். எந்தெந்த மென்பொருள் கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைத் தொடலாம் என்று அங்கே ஒரு பக்கம் இருந்தது. புதுப்பித்தபோது வந்த புதுக் காவல். அனுமதி கேட்கத் தெரியாத பழைய மென்பொருள், குரலைத் தேடிப் போய் வாசலிலேயே நின்றிருக்கிறது. அதையும் சேர்த்து அனுமதி கொடுத்துவிட்டுத் திரும்பத் திறந்தாள்.

பொத்தான்கள் வந்தன.

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு பொத்தானைத் தட்டினார். "அந்தப் பயலுக்குப் போன் போடு."

"ஆரம்பிச்சாச்சா" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

தம்பி எடுத்ததும், "அப்பா, என்னாலதான் ஆச்சுன்னு அம்மா சொன்னா" என்று இழுத்தான். திட்டுவதற்கென்றே அப்பா ஒரு வரிசைப் பொத்தான்களே வைத்திருந்தார். விரல் அதன்மேல் சற்று நின்று, கீழே இறங்கியது.

"வண்டியைப் பாத்து ஓட்டு."

மகள் வேலைக்குப் போன உடையோடே சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.