கண்ணாடியில் துடைத்த வெளிச்சம்

மாமியார் வீட்டுக் கூடத்தில், நடு நாற்காலியில் சின்ன மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். அந்த நாற்காலி இத்தனை வருடமும் பெரிய மாப்பிள்ளையுடையது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் அவர் உள்ளே நுழைந்தால் அதில் இருப்பவர்கள் தானாக எழுந்துவிடுவார்கள். அன்று அவர் நுழைந்ததையே ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு வந்து சுவரோரமாக நின்றிருந்தார்கள். பெரியவர் செருப்பு கழற்றும் இடத்திலேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அப்புறம்?” என்றாள் மாமியார்.

“அப்புறம் என்ன அத்தை, அப்படியே வானத்துல நின்னுச்சு. நிலா மாதிரி உருண்டை, ஆனா நிலா இல்ல. ஓரத்துல நீலம். மெதுவா பக்கவாட்டுல நகர்ந்துச்சு. கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நின்னுச்சு. சடார்னு மேல போயிடுச்சு. சத்தமே இல்ல. விமானம் அப்படியெல்லாம் போகாது.”

“உடம்பெல்லாம் சிலிர்க்குது மாப்பிள்ளை” என்றார் மாமனார். கல்யாணமான நாளிலிருந்து பெரியவர் சொன்ன எதற்கும் அந்த மனிதர் சிலிர்த்ததில்லை.

பெரியவரின் சொந்த மனைவியே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தோடு விடாமல் புருஷன் பக்கம் திரும்பி, “நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க? உங்க கண்ணுல படலையா?” என்று வேறு கேட்டுத் தொலைத்தாள்.

“நான் வேலைக்குப் போறவன். வேடிக்கை பார்க்கப் போறவன் இல்ல” என்றார் அவர். வயிறு பற்றி எரிந்தது.

சகலைகள் இருவரும் உயரமான கட்டடங்களில் வெளிப்பக்கக் கண்ணாடி துடைப்பவர்கள். மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இறங்கும் தொட்டிலில் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் கண்ணாடியைப் பார்த்து நின்று, சோப்புத் தண்ணீர் அடித்து ரப்பர் வைப்பரால் இழுக்க வேண்டும். ஒரு கண்ணாடி முடியும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. சோப்பு காய்ந்தால் கோடு விழுந்துவிடும். மற்றவர் முதுகுக்கு முதுகாக வெளியே பார்த்து நின்று, கயிற்றையும் காற்றையும் கவனித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது வேலை ஒரு வேலையே இல்லை என்பது பெரியவரின் கட்சி. அதனால்தான் அதைச் சின்னவன் தலையில் கட்டியிருந்தார். ஆக, வானம் தெரிகிற இடத்தை அவனுக்குத் தாரை வார்த்தது சாட்சாத் அவரேதான்.

அது போதாதென்று இன்னொன்றும் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு கண்ணாடியில் அவருக்கு ஒரு கறை தெரிந்தது. உருண்டையான கறை, ஓரத்தில் நீலம். சோப்பு போட்டார், இழுத்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார். கறை மெல்லப் பக்கவாட்டில் நழுவியது. “எங்க ஓடுற?” என்று கறையிடமே கேட்டுக்கொண்டு துரத்தித் துரத்தித் தேய்த்தார். சட்டென்று காணாமல் போனது. கீழே இறங்கியதும் டீக்கடையில், “என் கைக்கு அடங்காத கறை இன்னும் பொறக்கல” என்று மார்தட்டிவிட்டு வந்தார்.

இப்போது முக்காலியில் உட்கார்ந்து, ஓரத்தில் நீலம் என்று சின்னவன் சொல்லக் கேட்டதும் எல்லாம் விளங்கிவிட்டது. ஊரே வாய் பிளக்கும் அதிசயம் கண்ணாடியில் பிம்பமாக அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. அவர் அதற்குச் சோப்பு போட்டிருக்கிறார். வெளியே சொன்னால் சின்னவன் பேச்சு உண்மையாகிவிடும், இவர் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

“வானத்துல உருண்டை தெரியுது, நீலம் தெரியுதுன்னு சொல்ற ஆளை நான் உயரத்துல ஏத்த முடியாது. தலைசுத்தல் இருக்கிறவங்களுக்குத்தான் அப்படியெல்லாம் தெரியும்” என்றவர், பெரியவரைப் பார்த்தார். “கூட நின்னவர் நீங்க. நானும் பார்த்தேன்னு நீங்க சொன்னா விட்டுடறேன். இல்லேன்னா இவன் இன்னையிலேருந்து கீழ வண்டி நிறுத்துற இடத்தைக் கூட்டட்டும்.”

கீழே போனவன் மறுபடி மேலே ஏறியதாக அங்கே சரித்திரம் இல்லை. ஆனாலும் சின்னவன் கலங்கவில்லை. அண்ணன் இருக்கிறார் என்கிற தைரியத்தில் நின்றான். அதைப் பார்த்துப் பெரியவருக்கு ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. உடனே மனைவியின் பிளந்த வாய் ஞாபகம் வந்தது.

“நான் கண்ணாடியைத்தான் சார் பார்த்துட்டு இருந்தேன்” என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு சும்மா இருக்கவில்லை. “நெசமாவே ஏதாவது தெரிஞ்சிருந்தா, பக்கத்துல நிக்கிற என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டானா?”

சின்னவன் ஆச்சரியமாகத் திரும்பினான். “கூப்பிட்டேனே அண்ணே. தோளைக்கூடத் தட்டினேன். ‘சும்மா இருடா, ஒரு கறையை விரட்டிட்டு இருக்கேன்’னு சொன்னீங்களே.”

அந்தத் தட்டு பெரியவருக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. கையை உதறிவிட்டதும் ஞாபகம் வந்தது.

“கூப்பிட்டானா?” என்றார் சூப்பர்வைசர்.

“இல்ல சார்.”

சின்னவன் கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று பெரியவர் எதிர்பார்த்தார். பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ இடுப்பில் மாட்டியிருந்த பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே வெளியே வந்தான்.

“வீட்டுல நீங்க எதுவும் பேசிக்க வேணாம் அண்ணே. உயரம் பயமா இருக்கு, நானே கீழ வேலை கேட்டு வாங்கிக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன். அண்ணி உங்களைத் தப்பா நினைச்சா நல்லா இருக்காது.”

சொல்லிவிட்டுத் துடைப்பம் வாங்கப் படியிறங்கிப் போனான். பெரியவர் லிஃப்டுக்குக் காத்து நின்றார். ஜெயித்தது அவர்தான். ஆனால் பெருந்தன்மை என்று ஒன்று மிச்சம் இருந்ததே, அதையும் அந்தப் பயலே தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று அவருக்கு மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது.