கோடி நகலும் ஒரு குழாயும்

அந்த ஆய்வகத்தின் சுவரில் பெரிய மின்பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதிரியும் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, யாருடைய மேசையில் எவ்வளவு நேரம் தூங்கியது என்பதெல்லாம் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஊழியர்களின் மானத்தை வாங்குவதற்கென்றே இயக்குநர் ஆசை ஆசையாய் வாங்கி மாட்டியது. மூன்று நாளைத் தாண்டிவிட்டால், வேலை முடிந்த மறுநாளே அவர் கையெழுத்தோடு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் தானாகவே அச்சாகி வரும். அவர் விடுப்பில் இருந்தாலும் வரும்.

அந்தப் பலகையில் ராக்கெட் என்ற இளைஞனுக்கு எப்போதும் முதலிடம். கடைசி இடத்தைப் பட்டா போட்டு வைத்திருந்தவளுக்கு ஆமை என்று பெயர். பதினோரு வருஷமாக அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு, சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

அவளுடைய வேலை அப்படி. டி.என்.ஏ. நூலை நீளம் குறையாமல் பிரித்தெடுக்க வேண்டும். அந்த நூல் சரியான தொட்டாற்சிணுங்கி. கொஞ்சம் வேகமாக உறிஞ்சினாலே துண்டு துண்டாகிவிடும். அதனால் உறிஞ்சுகுழலின் நுனியைக் கத்தரியால் நறுக்கி, வாயை அகலமாக்கி, சொட்டுச் சொட்டாக எடுப்பாள். குழாயைச் சாய்ப்பதைக்கூட, தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவது மாதிரிதான் செய்வாள். பக்கத்து மேசையிலிருந்து பார்க்கிற ராக்கெட்டுக்குக் கொட்டாவி வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை, இயக்குநரே பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. உள்ளே அவருடைய அக்காவின் மூளைக் கட்டியிலிருந்து எடுத்த துண்டு, ஒரு மிளகு அளவு. அம்மா போன பிறகு அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி விட்டு, படிக்க வைத்து ஆளாக்கிய அக்கா.

“இவ்வளவுதாம்மா இருக்கு. இன்னொரு தடவை தலையைத் திறக்க முடியாதுன்னுட்டாங்க. நீங்களே பண்ணுங்க. மெதுவாவே பண்ணுங்க,” என்றார்.

மெதுவாக என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அந்தப் பலகை கேட்டிருந்தால் அன்றே அணைந்துபோயிருக்கும்.

விஷயம் இதுதான். கட்டிக்குள் பழுது பார்க்கும் ஜீன் ஒன்று இருக்கிறது. மருந்து கட்டியின் டி.என்.ஏ.வை உடைத்தால், இந்த ஜீன் ஓடிவந்து ஒட்டவைத்துவிடும். மருந்து வீண், வாந்திதான் மிச்சம். ஆனால் அந்த ஜீனின் வாசலில் மெத்தில் என்ற சின்னஞ்சிறு புள்ளிகள் உட்கார்ந்திருந்தால் ஜீன் தூங்கிவிடும், மருந்து கேட்கும். புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அக்காவுக்கு மருந்தா, மடியில் கைவைத்து உட்காருவதா என்று முடிவு செய்வார்கள்.

திங்கள் மாலைக்குள் அவள் நூலைப் பிரித்துவிட்டாள். குழாயின் அடியில் கஞ்சிப் பசை மாதிரி தங்கியிருந்தது. நல்ல நீள நூல் அப்படித்தான் இருக்கும். தானாகக் கரையட்டும் என்று விட்டுவிட்டு, ‘தொடாதீர்கள், குலுக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. நேரத்தை வீணாக்காமல் வேலை செய்வது எப்படி என்ற முழுநாள் பயிற்சிக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். அதில் அவள் பெயரைச் சேர்த்தவர் இயக்குநர்தான்.

புதன் காலை வந்து பார்த்தால் குழாயைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் அச்சிட்ட அறிக்கை ஒன்று இருந்தது. மெத்தில் புள்ளிகள்: சுழியம் சதவீதம். தாளின் மூலையில் ராக்கெட்டின் கையெழுத்து சிறகு விரித்துப் பறந்துகொண்டிருந்தது.

அவன் பெருமையாகவே சொன்னான். இருப்பது ஒரே ஒரு குழாய், தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று இயக்குநர் பயந்தாராம். ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம். பாதுகாப்புக்கு நகல் எடுத்து வை என்றாராம். இவன் ஒன்றைக் கோடியாக்கிவிட்டான், கையோடு இயந்திரத்தில் ஓட்டியும்விட்டான்.

“அசல் எங்க?” என்று கேட்டாள்.

“மேலே தெளிவா இருந்ததை எடுத்துக்கிட்டேன் மேடம். அடியில ஏதோ கொழகொழன்னு அழுக்கு. மஞ்சள் வாளியில போட்டுட்டேன்.”

அவளுக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. மஞ்சள் வாளிக் கழிவை எரிக்க அள்ளிக்கொண்டு போகிற வண்டி பத்து மணிக்கு வரும். அப்போது மணி ஒன்பது நாற்பது. பதினோரு வருஷத்தில் ஆமை ஓடியதை அன்றுதான் ஊழியர்கள் பார்த்தார்கள்.

இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, வாளியைத் தரையில் விரித்த தாளில் கவிழ்த்தாள். ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான குழாய்கள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து ஒட்டுத்தாளைப் படித்தாள். வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போது, ‘தொடாதீர்கள், குலுக்காதீர்கள்’ அவள் கைக்கு வந்தது. மூடி கழன்றிருக்கவில்லை. அடியில் அந்த அழுக்கும் பத்திரமாக இருந்தது.

குழாயோடு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைக்குச் சொல்லத் தொலைபேசியைக் கையிலும் எடுத்துவிட்டார். கண் சிவந்திருந்தது.

“சுழியம்மா. ஒண்ணுமே இல்ல,” என்றார்.

“சார், அது நகல். நகல் எடுத்தா எழுத்து வரும், புள்ளி வராது. யாரோட மாதிரியைக் கொடுத்தாலும் சுழியம்தான் காட்டும். நீங்க சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது.”

அவர் இதே விஷயத்தை ஏழு மாநாட்டு மேடைகளில் கைதட்டலுக்கு நடுவே பேசிய மனிதர். சொந்த அக்கா என்றதும் படித்ததெல்லாம் காற்றில் போய்விட்டது. அவளுக்கு அவர்மேல் எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தொலைபேசியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

அதன் பிறகு அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. பசை கரைய ஐந்து நாள் விட்டாள். நூல்களின் நுனிகளையெல்லாம் முதலில் அடைத்தாள். பிறகு வெட்டும் புரதத்தை அனுப்பி, அந்த ஜீனுக்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. புதிதாக வெட்டுப்பட்ட நுனிகளை மட்டும்தான் இயந்திரம் பிடித்து இழுக்கும். மீதி நூலெல்லாம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நகல் என்ற பேச்சே இல்லை. அசல் துண்டு, நீளம் குறையாமல், புள்ளிகளோடு உள்ளே போனது. ராக்கெட் ஒருநாள் வந்து, வேகமாகச் சுழற்றினால் சீக்கிரம் கரையுமே என்று யோசனை சொன்னான். அவள் பார்த்த பார்வையில் தன் மேசைக்குப் போய்விட்டான்.

அடுத்த புதன்கிழமை மதியம் எண் வந்தது. எழுபத்தொரு சதவீதம். ஜீன் நன்றாகவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

இயக்குநர் அவள் மேசைப் பக்கத்தில் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டார். “அக்கா, மருந்து கேட்குமாம்,” என்றவர் எல்லார் முன்னாலும் அழுதார். பலகை மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வியாழன் காலை அவள் மேசையில் அச்சடித்த கடிதம் வந்து கிடந்தது. மாதிரி எண் நானூற்றுப் பதினேழு, ஆறு நாள் தாமதம், விளக்கம் தருக, இப்படிக்கு இயக்குநர். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேனாவை எடுத்தபோது இயக்குநர் வந்து அதை வாங்கிக்கொண்டார். நின்றபடியே காரணம் என்ற கட்டத்தில் எழுதினார்: ‘நான் அசலை நம்பவில்லை. தாமதம் என்னால்.’ பதில் தருபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். விளக்கம் ஏற்கப்பட்டது என்ற இடத்திலும் அவரே போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோப்பில் சேர்க்க வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கேட்டார். அவள் நகலகத்துக்குப் போய் ஒரு பிரதி எடுத்து அதைக் கொடுத்தனுப்பினாள். எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது, ஒரு கால்கூடக் குறையவில்லை. அசலைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அவர் அழுத்தி எழுதிய இடமெல்லாம் விரலில் தட்டுப்பட்டது. அதை மடிக்காமல் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.