சொல்லாமல் விட்ட கை

கண்ணாடி தூக்குகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கை தளர்ந்தால், "விடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விட வேண்டும். தடியனும் அவன் தங்கை புருஷன் ஊசியும் கண்ணாடிக் கடையில் சேர்ந்த நாள் முதல் அதை மீறியதில்லை.

ஆனால் ஊசி இப்போதெல்லாம் ஓயாமல் "விடுறேன்" என்றான். நாலு படி ஏறினால் முகம் வெளுத்தது. முதலாளி வேறு ஆள் பார்ப்பதாகக் காதில் விழுந்ததும், தடியன் அவனை மருத்துவரிடம் இழுத்துப் போனான். ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் வைரஸ். ஸ்கேனில் ஈரல் நிறையக் கொழுப்பு.

"எலும்புக்குத் தோல் போர்த்தின மாதிரி இருக்க. உனக்கேதுடா மாப்ள கொழுப்பு?"

"எல்லாம் உங்க வீட்டுப் பொண்ணு கைவண்ணம் மச்சான்."

மாத்திரை எழுதிய மருத்துவர் சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். லோடு வண்டி காத்திருக்கிறது என்று தடியன் அவனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். கொழுப்புக்கு வைத்தியம் அவனுக்குத் தெரியாதா? ராச்சாப்பாட்டை நிறுத்தியே தன் தொப்பையைக் கரைத்தவன். ராத்திரி வெறும் தண்ணீர், காலையில் ஒரு லோடு இறக்கிய பிறகுதான் சோறு என்று தங்கையிடம் கறாராகச் சொன்னான். அவள் தயங்கினாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அடுப்பை அணைத்தாள்.

சில நாளில் ஊசி "விடுறேன்" என்பதையே நிறுத்திவிட்டான். ஆள் தேறிவிட்டான் என்று தடியன் முதலாளியிடம் பெருமையடித்தான். வேலை போய்விடுமோ என்று ஊசி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை.

அன்று காலை மாடிக்கு ஒரு பெரிய கண்ணாடிப் பலகை. மேலே ஊசி, கீழே தடியன். திருப்பத்தில் பாரம் முழுவதும் தடியன் மேல் சரிந்தது. நிமிர்ந்து பார்த்தான். ஊசி வியர்த்துக் கொட்டி, கண் செருகி, படியில் சாய்ந்திருந்தான். தடியன் பழக்க தோஷத்தில், "விடுறேன்" என்று கத்தினான். வாங்கிக்கொள்ள ஆளில்லை.

மருத்துவமனையில் அதே மருத்துவர். "அது தின்னு சேர்த்த கொழுப்பு இல்லப்பா. வைரஸ் புகுந்த ஈரலால அதை எரிச்சு சக்தியாக்க முடியல, தேங்கிப்போச்சு. வயிறு காஞ்சா ஈரல்தான் சர்க்கரை விட்டு மூளையைக் காப்பாத்தணும். இவர் ஈரல்ல இருப்பே இல்ல. பட்டினி மட்டும் கூடாதுன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன்." குரலைத் தாழ்த்தி, இனி கண் திறப்பது சந்தேகம் என்றார்.

வெளியே தங்கை சோற்றுத் தூக்கோடு நின்றாள்.

"அண்ணா, முழிச்சதும் கொஞ்சம் குடுக்கலாமா? இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

கண்ணாடி கிழித்துக் கட்டுப்போட்ட கைகளைத் தடியன் நீட்டினான். அந்தத் தூக்கை வாங்கிக்கொண்டான்.