ஏழுமலை தொட்ட தலை

“என் தலையை ஏழுமலையே தொட்டுப் பாத்து, ‘நேரா டாக்டராண்ட போ நைனா’ன்னு சொன்னாரு,” என்றார் சம்பத்.

சித்தூர் டீக்கடையே கிளாஸைக் கீழே வைத்தது. மைத்துனர் சண்முகம் மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தார். அறிவியல் வாத்தியாராக ஓய்வுபெற்றவர். சூரியன் உதித்தாலும் சாட்சி கேட்பார்.

“காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணுவியா மாமா?”

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச்சத்தியம் செய்து தப்பியவர் இல்லை என்பது ஊர்ப்பேச்சு. “வண்டியை எடு,” என்றார் சம்பத்.

அவர் உச்சந்தலையில் பிறவியிலேயே பலாக்கொட்டை அளவுக்கு மஞ்சளாக ஒரு மச்சம். அதில் மயிர் முளைக்காது. அறுபது வருஷம் சாதுவாகக் கிடந்தது, போன வருஷம் நடுவில் மொட்டுவிட்டது. சீப்பு பட்டால் ரத்தம் கசிந்தது. மனைவி நளினி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள்.

“காணிப்பாக்கத்துல நாளுக்கு நாள் வளர்ற பிள்ளையார் மாதிரி இவரும் வளந்துக்கினு கீறாரு. சாமியைப் போய் டாக்டராண்ட காட்டுவாங்களா?” என்றார் சம்பத்.

சாமிப் பேச்சை சாமியை வைத்தே மடக்கினாள் நளினி. திருமலையில் அவருக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள்.

அங்கே தலையை நனைத்து மழித்துக்கொண்டே வந்த நாவிதரின் கத்தி மச்சத்தருகே நின்றது. விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

“இதும்மேல கத்தி வெக்கமாட்டேன். பொறந்த மச்சம் சும்மா கெடக்கணும். இது முளைச்சுக்கினு கீது. நேரா டாக்டராண்ட போ நைனா.”

சுற்றிலும் மொட்டை, மச்சத்துக்கு மட்டும் மயிர்வேலி. அந்தக் கோலத்தில் சம்பத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வரிசையே வழிவிட்டதாம். துணுக்கு எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, “தோல் புற்றுநோய். அந்த மச்சத்துலயே வந்திருக்கு. சீக்கிரம் வந்துட்டீங்க, வெட்டி எடுத்துடலாம்” என்றார். சம்பத் வீடு வரும்வரை நளினியின் கையை விடவில்லை.

தையல் நூற்றெட்டு என்பது சம்பத் கணக்கு. நளினி எண்ணியது ஒன்பது.

காணிப்பாக்கத்தில் குளித்து, ஈர வேட்டியோடு, டீக்கடையில் சொன்னதை எழுத்துப் பிசகாமல் சொன்னார் சம்பத். நாக்கு இழுத்துக்கொள்ளவில்லை. சண்முகத்துக்குத்தான் வியர்த்தது.

கோயிலுக்கு வெளியே வந்ததும் சம்பத் போனைப் போட்டு மைத்துனர் காதில் வைத்தார்.

“யாருங்க?” என்றார் சண்முகம்.

“திருமலையில மொட்டை போடற ஏழுமலை பேசறேன். பெரியவரு தலை ஆறிச்சா?”

சண்முகம் மாமாவின் தழும்பை எட்டிப் பார்த்தார்.

“ஆறிடுச்சு சாமி,” என்றார். பிறகு சம்பத்திடம் போனை நீட்டி, “நடந்தது நெசந்தான் மாமா. ஏழுமலைதான் தொட்டிருக்காரு.”